பிரசங்கத்துக்கு வந்தால் போதாதா?

கேள்வி: எங்கள் சபையில் பாதிப்பேர் பிரசங்கம் ஆரம்பிக்கிற நேரத்துக்குத்தான் கோயிலுக்குள் நுழைகிறார்கள். நானும் அப்படித்தான், மறைக்கவில்லை. பாவ அறிக்கை, சங்கீதம், விசுவாசப்பிரமாணம் எல்லாம் வாராவாரம் அதேதான். பிரசங்கத்தில்தானே புதிதாக ஏதாவது கிடைக்கிறது?
சாயர்புரம் வாசகர்

பதில்: ‘கிடைக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், சிக்கலே அந்த வார்த்தையில்தான். பிரசங்கம் நம்மைப் பார்த்துச் சொல்லப்படுவது. அதற்கு முன்னால் நடப்பதில் பெரும்பகுதி நாம் கடவுளைப் பார்த்துச் சொல்வது. பிந்தி வருகிறவர் தான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வாங்க வேண்டியதை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்.

எங்கள் ஆச்சி காலையில் உலை வைத்துவிட்டு, அரிசியை உழக்கால் அளந்து சொளவில் கொட்டிக் கல் பொறுக்குவாள். பொறுக்கி முடித்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே, அடுப்பங்கரை மூலையில் இருக்கும் கலயத்தில் போடுவாள். அப்புறம்தான் மீதி அரிசியைக் களைவாள். அரிசி பற்றாது என்று தெரிந்த நாளிலும் அந்தப் பிடி விழாமல் இருந்ததில்லை. கொஞ்சம் சின்னப் பிடியாக இருக்கும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கலயத்து அரிசி கோயிலுக்குப் போகும். நம் பக்கத்துச் சபைகளில் பிடி அரிசிக் காணிக்கையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். மிஞ்சினதைக் கொடுப்பதல்ல அது, முதலில் எடுத்து வைப்பது. ஆராதனை என்றால் என்ன என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் அந்தக் கைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

வாராவாரம் அதே பாவ அறிக்கையா என்கிறீர்கள். என்னுடைய பாவங்களும் வாராவாரம் அதேதான் என்பதால் எனக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

கேள்வி: அசன (சபை விருந்து) வேலை, ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவன் நான். அதனால் பல நாள் ஆராதனையில் உட்கார முடிவதில்லை. ஊழியமும் ஆராதனைதானே?
மெஞ்ஞானபுரம் வாசகர்

பதில்: ஆமாம், வாழ்க்கை முழுவதையும் ஒப்புக்கொடுப்பதைத்தான் அப்போஸ்தலன் பவுல் வேதாகமத்தில் ரோமர் 12-இல் ‘புத்தியுள்ள ஆராதனை’ என்கிறார். ஆனால் அந்த வசனத்தைக் கோயிலுக்குப் போகாததற்குச் சாக்காக அவர் எழுதவில்லை. யாத்திராகமம் 5-ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். மோசே எகிப்து ராஜா பார்வோனிடம் முதலில் போய்க் கேட்டதே ஜனங்கள் ஆராதிக்கப் போக வேண்டும் என்றுதான், அதற்குப் பார்வோன் சொன்ன பதில், நீங்கள் சோம்பேறிகள், அதனால்தான் இப்படிக் கேட்கிறீர்கள், போய்ச் செங்கல் அறுங்கள் என்பது. வேலை கிடக்கும்போது என்ன ஆராதனை என்று அங்கே கேட்டவர் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அசனத்தன்று அண்டாவை விட்டுவிட்டு எல்லோரும் உள்ளே போக முடியாது, ஆட்டுக்கறி அடிப்பிடித்தால் ஊரே பேசும். ஆள் மாற்றி நில்லுங்கள். இந்த வருஷம் அடுப்படியில் நின்றவர் அடுத்த வருஷம் உள்ளே உட்காரட்டும். எல்லா வருஷமும் நீங்களே நின்றால், கரண்டியை வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: கோயிலுக்கும் கோபுரத்துக்கும் இவ்வளவு செலவா? அதை ஏழைகளுக்குக் கொடுக்கலாமே?
வள்ளியூர் வாசகி

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, இதே கேள்வியைப் பெத்தானியாவில் யூதாஸ் கேட்டிருக்கிறான். மரியாள் இயேசுவின் பாதத்தில் பூசிய தைலத்தை முந்நூறு பணத்துக்கு விற்றிருக்கலாமே என்றான். அதற்காக உங்கள் கேள்வி தப்பு என்று ஆகிவிடாது. ஏழையை மிதித்துவிட்டுப் பாடுகிற பாட்டு தனக்கு வெறும் இரைச்சல் என்று ஆமோஸ் தீர்க்கதரிசி வழியாகக் கடவுளே சொல்லியிருக்கிறார்.

நம் ஊர்க் கதையைப் பாருங்கள். மிஷனரி கால்டுவெல் 1841-இல் இடையன்குடிக்கு வந்தார். அங்கே இப்போது நிற்கிற ஆலயம் 1880-இல்தான் பிரதிஷ்டை ஆனது. அத்தனை வருஷம் பாடுபட்டுக் கோயில் கட்டிய அதே ஊரில்தான் அவருடைய மனைவி எலைசா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம் என்கிற ஆலயம் இருக்கிறது, காது கேளாத பிள்ளைகளுக்கும் பார்வையில்லாத பிள்ளைகளுக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. முழங்காலில் நின்றவர்கள்தான் எழுந்து போய் அந்த வேலையையும் செய்தார்கள். பக்கத்து ஊர்க் கோபுரத்தைவிட நம்முடையது பத்தடி உயரம் என்பதற்காக வசூல் நடந்தால், அங்கே உங்கள் கேள்வியைக் கமிட்டியிலேயே எழுந்து கேளுங்கள். நானும் உங்கள் பக்கம்.

கேள்வி: சேகர (சில சபைகள் சேர்ந்த வட்டாரம்) தேர்தலில் எதிரெதிர் அணி ஆனதிலிருந்து தம்பியோடு பேச்சில்லை. நற்கருணை (ஆராதனையில் கொடுக்கும் அப்பமும் திராட்சரசமும்) எடுக்கலாமா?
நாசரேத் வாசகர்

பதில்: காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னாலேயே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இருக்கிறது. தேர்தலுக்கு அதில் விதிவிலக்கு எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில் ஓடிப் போய்ப் பார்த்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்; தம்பி காப்பி குடிக்கச் சொல்வான், நேரம் பற்றாது. சனிக்கிழமை சாயங்காலமே போய்விடுங்கள்.