பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செய்கிறவனின் ஒரு நாள்: கேள்வி பதில்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு வருகைப் பதிவு, சம்பளம், ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் வேலை) கணக்கு ஆகியவற்றுக்கான சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். என்னையும் சேர்த்து ஒன்பது பேர். சொந்தக் கம்பெனி வைத்திருப்பவனின் நாள் எப்படிப் போகும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்? நாலு மணிக்கு எழுந்தால்தான் தொழிலில் நிற்க முடியும் என்கிறார்களே? (கல்லூரி மாணவர், ஈரோடு)

ஐந்தரைக்கு. நாலு மணிக்கு எழுகிற ஒருவரை எனக்குத் தெரியும் தம்பி, எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர்.

ஐந்தரைக்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கே பெரும்பாலான கம்பெனிகளில் ஷிப்ட் எட்டரைக்குத் தொடங்கும். எட்டு இருபதுக்கு கேட் பக்கத்தில் விரல் ரேகை மெஷின் முன்னால் வரிசை நிற்கும். மெஷின் மக்கர் செய்தால் எட்டு இருபத்தைந்துக்கு எங்களுக்கு போன் வரும். அதற்குள் என் வேலை முடிந்திருக்க வேண்டும். ஐந்தே முக்காலிலிருந்து எட்டேகால் வரை கோட் எழுதுவேன். வாட்ஸ்அப் அந்த நேரத்தில் மூடியே இருக்கும். இந்த இரண்டரை மணி நேரம் போய்விட்டால் அன்றைக்குக் கோட் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் பிடித்துவிடலாம் என்று பல வருடம் ஏமாந்திருக்கிறேன்.

ஒன்பது பேர் இருந்தும் நீங்களே ஏன் கோட் எழுத வேண்டும்? முதலாளி முதலாளி வேலையைத்தானே பார்க்க வேண்டும்? (மதுரை நண்பர்)

புதிய வசதிகளை இப்போது நான் எழுதுவதில்லை. ஷிப்ட் கணக்கு, ஓவர்டைம், பீஸ் ரேட் (உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி) இந்த மூன்றை மட்டும் தொடுகிறேன். அங்கே ஒரு ரூபாய் பிசகினாலும் டெய்லர் நேராக முதலாளி ரூமுக்குப் போய்விடுவார். மற்றதெல்லாம் எங்கள் டீம் பிள்ளைகள் என்னைவிட நன்றாகவே எழுதுகிறார்கள்.

எட்டரைக்கு மேல் நாளை எப்படிப் பிரிக்கிறீர்கள்? மணிக்கணக்கில் சொல்லுங்கள் சார். (சேலம்)

மணிக்கணக்கில் சொன்னால் பொய்யாகிவிடும். கிழமைக்கணக்கில் சொல்கிறேன்.

திருப்பூரில் சம்பளம் வாரச் சம்பளம், சனிக்கிழமை பட்டுவாடா. எங்கள் வாரமே சனியிலிருந்து பின்னால் எண்ணித்தான் போகிறது. திங்கள், செவ்வாய் முதலாளிகளைப் பார்க்கப் போவேன். காலையில் பதினொன்றுக்கு மேல்தான் பேசக் கிடைப்பார்கள். வருடப் பராமரிப்புப் பணம் கேட்பதும் அந்த இரண்டு நாளில்தான். வெள்ளிக்கிழமை போய்க் கேட்டால் கையில் இருப்பதெல்லாம் மறுநாள் பட்டுவாடாவுக்கு என்பார், அது உண்மையும்கூட. புதன் சாயங்காலத்தோடு அப்டேட் நிறுத்தம். வியாழனும் வெள்ளியும் சோதனை, புதிதாகச் சேர்ந்த கம்பெனிகளுக்குப் பயிற்சி. சனிக்கிழமை எல்லோரும் போன் பக்கத்தில்.

ஏன் புதனோடு நிறுத்த வேண்டும்? நாங்கள் தினமும் அப்டேட் விடுகிறோமே? (பெங்களூரில் வேலை பார்க்கும் டெவலப்பர்)

பட்டு வந்த புத்தி. ஒரு சனிக்கிழமை மதியம் சின்னத் திருத்தம்தானே என்று அப்டேட்டை ஏற்றிவிட்டேன். அந்த வாரம் ஒரு கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரம். வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு உள்ளே வந்தவர்கள் இரவு ஒன்றரைக்குத்தான் வெளியே போயிருக்கிறார்கள். நள்ளிரவு தாண்டியதும் என் திருத்தம் அவர்கள் வெளியே போன பதிவைச் சனிக்கிழமைக் கணக்கில் சேர்த்துவிட்டது. வெள்ளிக்கு உள்ளே வந்த பதிவு மட்டும் நின்றது. ஒன்றரை ஷிப்டும் அதற்கு மேலும் பார்த்தவர்களுக்கெல்லாம் அரை ஷிப்ட் சம்பளம்.

சாயங்காலம் ஏழு மணிக்கு போன். வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மேசையில் ஐநூறு, நூறு, ஐம்பது என்று கட்டுக்கட்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். எந்த நோட்டு எத்தனை வேண்டும் என்ற சில்லறை லிஸ்ட்டும் எங்கள் சாஃப்ட்வேர் போட்டுத் தருவதுதான், அதுவும் தப்பு. வெளியே நூற்று நாற்பது பேர். ஊருக்குப் போக பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஒரு அக்கா கைக்குழந்தையோடு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. கணக்குப்பிள்ளை ஒன்றும் திட்டவில்லை. பழைய பேரேட்டை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, ‘எழுதுங்க’ என்றார். நாங்கள் இருவரும் கையால் எழுதி முடிக்கும்போது மணி பத்தேமுக்கால்.

உங்கள் கம்பெனியில் தினமும் விடலாம், தப்பில்லை. உங்கள் சாஃப்ட்வேர் நின்றால் யாருக்கு எப்போது வலிக்கும் என்று முதலில் பாருங்கள், அப்புறம் நாளைப் பிரியுங்கள்.

மீட்டிங்? (திருச்சி)

பதினொரு மணி டீயோடு ஒன்று. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

சப்போர்ட் போனை யார் எடுப்பது? அதிலேயே என் நாள் முழுக்கப் போய்விடுகிறது. (கோவை, மூன்று பேர் கம்பெனி)

முறை வைத்து எல்லோரும் எடுக்கிறோம், கோட் எழுதுகிறவர்களும்தான். தான் எழுதியதைப் பற்றித் தானே வசவு வாங்கினால் அடுத்த தடவை கை தானாகக் கவனமாகும். எடுக்கிறவர் ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: யார், என்ன கேட்டார், இதே கேள்வி முன்பு வந்ததா. வெள்ளிக்கிழமை மதியம் அந்த நோட்டை நான் புரட்டுவேன். ஒரே கேள்வி ஐந்து தடவை வந்திருந்தால் தப்பு வாடிக்கையாளரிடம் இல்லை, எங்கள் ஸ்கிரீனில் இருக்கிறது. ‘சேமி’ பொத்தானை மேலிருந்து கீழே மாற்றியதில் மட்டும் வாரத்துக்குப் பத்துப் பதினைந்து போன் குறைந்தது. உங்களைப் போல மூன்று பேர் என்றால் ஒருவர் அரை நாள் போன், மற்ற இருவர் காதைப் பொத்திக்கொள்ளட்டும். மூன்று பேரும் எடுத்தால் யாருக்கும் வேலை ஓடாது.

ஜிஎஸ்டி, பிஎஃப் வேலைகளை எந்த நேரத்தில் பார்ப்பீர்கள்? எனக்கு எப்போதும் கடைசி நாள்தான். (கரூர்)

மாதத்தில் நாலு தேதி. 7 டிடிஎஸ் (பிடித்த வருமான வரியைக் கட்டுவது), 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 15 பிஎஃப், இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), 20 ஜிஎஸ்டிஆர்-3பி (மாத ஜிஎஸ்டி கணக்கு). மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு இதுதான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் முந்தி மதியம் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். தாக்கல் செய்வது ஆடிட்டர். பில்களைச் சேர்த்து அனுப்புவதுதான் என் வேலை, இழுப்பதும் அதுதான். கடைசி நாளில் போர்ட்டல் மெதுவாகத்தான் போகும், அதை நம்பி உட்காராதீர்கள்.

எனக்கு அமெரிக்க வாடிக்கையாளர்கள். இரவெல்லாம் மீட்டிங். பகலில் டீமைப் பார்க்க முடியவில்லை. (சென்னை)

நானும் இரண்டு வருடம் அப்படி ஓட்டினேன். நியூயார்க் நமக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் பின்னால். மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறபோது இங்கே நம் இரவுச் சாப்பாட்டு நேரமும் மாறும். இரவு ஏழரையிலிருந்து ஒன்பது வரைதான் பேசுவேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், அவர்களுக்கு அது காலை வேளைதான். கலிஃபோர்னியா என்றால் இந்தக் கணக்கு உதவாது. அங்கே இன்னும் மூன்று மணி நேரம் கூடப் போகும், அதற்கு இரவில் வேலை பார்க்க ஒப்புக்கொண்ட ஒருவரைத் தனியாக வைக்கத்தான் வேண்டும்.

வீட்டில் இரண்டு குழந்தைகள், தனியாளாக ஆரம்பித்திருக்கிறேன். சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. (நாகர்கோவில் தோழி)

என் காலை இரண்டரை மணி நேரத்தைப் பற்றி இவ்வளவு பேசினேன். அந்த நேரத்தில் பிள்ளைகளை எழுப்பி, டிபன் கட்டி, பள்ளி வேனில் ஏற்றுவது என் மனைவி. அதைச் சொல்லாமல் விட்டால் என் பதிலே பாதிப் பொய். உங்களுக்கு அப்படி ஒருவர் இல்லையென்றால் என் அட்டவணையைப் பின்பற்ற முயல வேண்டாம். ஒன்று மட்டும் எனக்கு உதவியது: வேலையை நிறுத்தும்போது அடுத்து தொட வேண்டிய வரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கீபோர்டு மேல் வைத்துவிடுவேன். இருபது நிமிடம் கிடைத்தாலும் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை.

இவ்வளவு ஒழுங்கும் வருடம் முழுக்க நடக்குமா அண்ணா? (பல்லடம்)

தீபாவளி வந்தால் எல்லாம் காற்றில். போனஸ் 8.33 சதவீதத்திலிருந்து 20 வரை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கணக்குப் போடும் முறையும் மாறும். மூன்று வாரம் காலைக் கோட் கிடையாது, டீ மீட்டிங் கிடையாது, நானும் போன் எடுக்கிற ஆள்தான். பட்டுவாடா முடிந்ததும் பாதி ஊர் பஸ் ஏறிவிடும். கம்பெனிகள் ஒரு வாரம், பத்து நாள் பூட்டிக் கிடக்கும். சர்வர் மாற்றுவது, டேட்டாபேஸைத் தூக்கி வேறு இடத்தில் வைப்பது என்று வருடம் முழுக்கத் தள்ளிப்போட்டதெல்லாம் அந்த நாட்களில்தான். போன் அடிக்காது, ரோட்டில் லாரி இருக்காது. டீக்கடையும் பூட்டியிருக்கும், அதனால் ஃபிளாஸ்க்கில் வீட்டு டீ.