20 பேர் உள்ள அலுவலகத்துக்கு ஐ.பி. போன் வைக்க என்ன கேபிள், என்ன ஸ்விட்ச் வேண்டும்?

மேசைக்கு ஒரு ஐ.பி. போன் (நெட்வொர்க் கேபிள் வழியே பேசும் போன்) வீதம் 20 போன். கம்ப்யூட்டருக்காகப் போட்ட லேன் கேபிள் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக இழுக்க வேண்டுமா, இன்டர்நெட் வேகத்தைக் கூட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில், அதனால் நேராகவே சொல்கிறேன்: வேகத்தைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, கேபிளுக்குள் இருப்பது செம்புதானா என்று முதலில் பாருங்கள்.

பேச்சுக்கு ஆகும் வேகம் ரொம்பக் குறைவு. குரலை டேட்டாவாக மாற்றும் முறைக்குக் கோடெக் என்று பெயர். பரவலாகப் புழங்கும் ஜி.711 கோடெக்கில் குரல் மட்டும் நொடிக்கு 64 கிலோபிட், அதைத் துண்டு துண்டாக அனுப்பும் பாக்கெட்டின் மேல்சுமையெல்லாம் சேர்த்தால் லேனில் 87 கிலோபிட் சொச்சம். 20 பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் போவதற்கு 2 எம்.பி.பி.எஸ்., வருவதற்கு 2 எம்.பி.பி.எஸ். போதும். அப்படியிருந்தும் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது என்றால், பெரும்பாலும் யாரோ பெரிய ஃபைலை அப்லோடு செய்துகொண்டிருப்பார்கள், அதன் பின்னால் குரல் பாக்கெட் வரிசையில் நின்றுகொண்டிருக்கும். ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தால் சரியாகிவிடும், அதற்காகப் பெரிய பிளானுக்கு மாற வேண்டியதில்லை.

கேபிளுக்கு உண்மையில் பாரம் மின்சாரம்தான். ஒவ்வொரு போனுக்கும் அடாப்டர் குத்துவதற்குப் பதிலாக லேன் கேபிள் வழியாகவே கரண்ட் அனுப்புவதைத்தான் பி.ஓ.இ. என்கிறோம். அதில் 802.3ஏஎஃப் என்ற தரத்தில், எல்லா கேபிளும் வந்து சேரும் பெட்டியான ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு (கேபிள் செருகும் துளைக்கு) 15.4 வாட் வரை கொடுக்கும், கேபிளில் கரைந்தது போக மறுமுனையில் 12.95 வாட்டாவது கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. வீடியோ இல்லாத சாதாரண மேசைப் போனுக்கு இது தாராளம். ஸ்விட்ச் வாங்கும்போது 24 போர்ட் பி.ஓ.இ. என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள், மொத்தம் எத்தனை வாட் என்று கேளுங்கள். எல்லா போர்ட்டிலும் 15.4 கொடுக்க 370 வாட் வேண்டும். போன் எவ்வளவு கரண்ட் கேட்கும் என்பதைக் குறிக்கும் வகைதான் கிளாஸ். உங்கள் போன் கிளாஸ் 2 என்றால் ஒன்றுக்கு 7 வாட் ஒதுக்கினால் போதும், 20 போனுக்கு 140 வாட். போனின் டேட்டா ஷீட்டில் கிளாஸ் என்ன என்று இருக்கும், அதைப் பார்த்துவிட்டு ஸ்விட்ச் வாங்கினால் பணம் மிச்சம்.

இனி செம்பு விஷயம். கேட் 6 (லேன் கேபிளின் ஒரு தர வகை) என்று அச்சிட்டு, விலை குறைத்து விற்கும் கேபிள்களில் பல அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியவை. கடையில் அதை சி.சி.ஏ. என்பார்கள். செம்பைவிட மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அதனால் தூரத்து மேசைக்குப் போகும்போது வோல்டேஜ் விழும், கட்டுக்கட்டாகப் போன இடத்தில் சூடேறும், ஐ.ஓ. பாக்ஸுக்குள் (சுவரில் கேபிள் வந்து முடியும் பெட்டி) நாலு தடவை மடக்கினால் கம்பி ஒடிந்துவிடும். அழைப்பு வந்து மணி அடிக்கும் நேரத்தில் போன் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று கூப்பிடுகிறவர்களிடம் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஒரு துண்டு வெட்டி, உள்ளே ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளை தெரிந்தால் அலுமினியம், எவ்வளவு சுரண்டினாலும் சிவப்பாகவே இருந்தால் செம்பு.

உங்கள் பழைய கேபிள் முழுச் செம்பு கேட் 5இ என்றால் பிடுங்கவே வேண்டாம், ஜிகாபிட்டும் பி.ஓ.இ.யும் தாராளமாக ஓடும். புதிதாக இழுப்பதாக இருந்தால் மட்டும் கேட் 6 போடுங்கள். ஸ்விட்ச் இருக்கும் ரேக்கிலிருந்து மேசை வரை சுவருக்குள் 90 மீட்டர், இரு முனையிலும் செருகும் பேட்ச் கார்டு என்ற சின்னக் கேபிள்கள் சேர்த்து 10 மீட்டர், அவ்வளவுதான் எல்லை. ஒரே கேபிளின் எட்டுக் கம்பியை நாலு நாலாகப் பிரித்து இரண்டு பாயின்ட் எடுத்திருக்கிறார்களா என்றும் திறந்து பாருங்கள். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்.

மேசைக்கு ஒரு பாயின்ட்தான் இருந்தால் போனுக்குப் பின்னால் கம்ப்யூட்டரைச் செருகலாம், அதற்கென்றே போனில் இரண்டு போர்ட் இருக்கிறது. விலை குறைந்த மாடல்களில் அந்த போர்ட் 100 எம்.பி.பி.எஸ். மட்டுமே, பெரிய ஃபைல்களோடு வேலை செய்கிறவர் மேசைக்கு ஜிகாபிட் போர்ட் உள்ள போனாக வாங்குங்கள். அந்த இரண்டு போர்ட்டையும் யாரும் சுவரிலேயே செருகிவிடக் கூடாது, லூப் ஆகி, அதாவது டேட்டா ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி, மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும். அதனால் லூப் தடுப்பும் குரலுக்குத் தனி விலானும் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) போடக்கூடிய மேனேஜ்டு ஸ்விட்ச்சாக, அதாவது செட்டிங் மாற்றக்கூடியதாகப் பாருங்கள்.

அப்புறம், பி.ஓ.இ. ஸ்விட்ச், ரூட்டர், ஃபைபர் மோடம் மூன்றையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் போடுங்கள். அழைப்புகளை இணைத்துவிடும் பி.பி.எக்ஸ். பெட்டி அலுவலகத்திலேயே இருந்தால் அதையும் சேர்த்து. கரண்ட் போனால் போன் 20-ம் அதிலேயே ஓடும், மோடம் மட்டும் வெளியே நின்றாலும் வெளி அழைப்பு கிடையாது.