இரண்டு பேர் போன பிறகும் அதே பெயரா?

கேள்வி: கல்லூரியில் நான்கு பேராக ஆரம்பித்த இண்டி ராக் பேண்ட் எங்களுடையது. ஆறு வருடம் ஆகிறது. கிட்டார் வாசித்த நண்பன் என்னோடு சண்டை போட்டு விலகிவிட்டான். பாதிப் பாட்டுகள் நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதியவை. டிரம்மரும் வேலை கிடைத்து அடுத்த மாதம் வெளியூர் போகிறான். மிச்சம், பாடும் நானும் பேஸ் வாசிப்பவனும்தான். புது ஆட்களைச் சேர்த்து அதே பெயரில் தொடர்ந்தால் துரோகம் இல்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள தம்பி, துரோகம் இல்லை. தாராளமாகத் தொடருங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிகாகோவின் ராக் பேண்ட் வில்கோதான் ஞாபகம் வந்தது. அவர்கள் கதை ஆரம்பிப்பதே ஒரு பிரிவில்தான். ஜே ஃபராரும் ஜெஃப் ட்வீடியும் எழுதிப் பாடிய பேண்ட் ‘அங்கிள் டுபெலோ’. 1994இல் ஃபரார் விலகியதும், மற்றவர்கள் அந்தப் பெயரை விட்டுவிட்டு வில்கோ என்று புதிதாகத் தொடங்கினார்கள். அப்புறம் வில்கோவிலிருந்து எத்தனையோ பேர் போனார்கள், பெயர் மாறவில்லை. ஆரம்பம் முதல் இன்றுவரை இருப்பவர்கள் இரண்டே பேர்: பாடும் ட்வீடி, பேஸ் வாசிக்கும் ஜான் ஸ்டிராட். உங்கள் கணக்கேதான்.

அவர்களுடைய 2001ஆம் வருடத்தைப் பாருங்கள். ஜனவரியில் டிரம்மர் கென் கூமருக்குப் பதில் கிளென் காச்சி வந்தார். அப்போது பதிவாகிக்கொண்டிருந்த ‘யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்’ ஆல்பம் முடிந்த கையோடு, கிட்டாரும் கீபோர்டும் வாசித்து, பல பாட்டுகளை ட்வீடியோடு சேர்ந்து எழுதிய ஜே பென்னட் வெளியேற்றப்பட்டார். அதை வெளியிட வேண்டிய ரிப்ரைஸ் இசை நிறுவனம் ஆல்பமே வேண்டாம் என்றது. மீதி நால்வர் செப்டம்பரில் அதைத் தங்கள் இணையதளத்தில் இலவசமாகக் கேட்க வைத்துவிட்டுக் கச்சேரிக்குக் கிளம்பிவிட்டார்கள். 2002 ஏப்ரலில் நான்சச் என்ற வேறொரு இசை நிறுவனம் வெளியிட்ட அந்த ஆல்பம்தான் இன்றுவரை அவர்களுடையதில் அதிகம் விற்றது.

அந்த ஆல்பம் உருவானதைச் சாம் ஜோன்ஸ் கறுப்பு வெள்ளையில் ஆவணப்படமாக எடுத்தார். அதில் ஒரு காட்சி. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் சில நொடிகள் எப்படி ஒலிக்க வேண்டும் என்று ட்வீடியும் பென்னட்டும் வாதாடுகிறார்கள். பேச்சு சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது. ஒற்றைத் தலைவலிக்காரரான ட்வீடி எழுந்து கழிவறைக்குப் போய் வாந்தி எடுக்கிறார். உங்கள் சண்டையும் இப்படி ஒரு சின்ன விஷயத்தில்தான் வெடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பிளவு கடைசிவரை ஆறவில்லை. 2009 மே மாதம் ராயல்டி பாக்கி என்று பென்னட் ட்வீடி மேல் வழக்குப் போட்டார். அதே மாதம் 24ஆம் தேதி இறந்துபோனார். வயது 45. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனது கனத்துவிடும். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்: சேர்ந்து எழுதிய பாட்டுகளில் உங்கள் நண்பரின் பங்கு எவ்வளவு என்பதை இந்த வாரமே ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கச்சேரியில் அந்தப் பாட்டுகளைப் பாடும்போது அவர் பெயரைச் சொல்லுங்கள். சமாதானம் ஆகிறதோ இல்லையோ, கணக்கு நேராக இருக்கட்டும்.

புதியவர்கள் விஷயம். 2004இல் கிட்டார் கலைஞர் நெல்ஸ் கிளைனும், கிட்டார், கீபோர்டு இரண்டும் வாசிக்கும் பாட் சான்சோனும் வந்தார்கள். கிளைன் ஜாஸ் பக்கமிருந்து வந்தவர். பென்னட் மாதிரி வாசி என்று அவரை யாரும் கட்டிப்போடவில்லை. 2005 மே மாதம் சிகாகோ விக் தியேட்டரில் பதிவான நேரலை ஆல்பத்தைக் கேளுங்கள். பழைய பாட்டுகளுக்குப் புது முறுக்கு ஏறியிருக்கும். அன்று மேடையில் இருந்த அதே ஆறு பேர்தான் இன்றும் வில்கோ. ஸ்டிராட்டும் சான்சோனும் தனியாக இன்னொரு பேண்ட் வைத்திருக்கிறார்கள். கிளைனுக்கும் காச்சிக்கும் சொந்த ஆல்பங்கள் உண்டு. வில்கோ நடத்தும் இசை விழாவில் இந்தத் தனிக் குழுக்களுக்கும் மேடை உண்டு. இவ்வளவு காலம் ஒன்றாக இருக்க இந்தத் தளர்வுதான் காரணம் என்பது என் எண்ணம். நீங்கள் சேர்க்கும் ஆளும் வேறு இடத்தில் வாசித்தால் வாசிக்கட்டும், கோபப்படாதீர்கள்.

டிரம்மர் நண்பர் கிளம்ப இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே. அதற்குள் புது டிரம்மரைக் கண்டுபிடித்து, ஒரு சாயங்காலமாவது இருவரையும் ஒத்திகை அறையில் சேர்ந்து உட்கார வையுங்கள். எந்தப் பாட்டில் நீங்கள் எப்போதும் வேகமெடுத்துவிடுவீர்கள் என்று பழையவருக்குத்தானே தெரியும்.