வகுப்புப் பயிற்சிக்கும் எதிக்ஸ் கமிட்டியா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் ஆய்வுமுறைப் பாடம் எடுக்கிறேன். மாணவர்கள் ஆளுக்குப் பத்துப் பேரிடம் தூக்கம், செல்போன் பழக்கம் பற்றிக் கேட்டு வந்து வகுப்பில் அட்டவணை போடுவார்கள். இதற்கும் நெறிமுறைக் குழுவின் (எதிக்ஸ் கமிட்டி) அனுமதி வேண்டும் என்கிறார் சக ஆசிரியர். பாடம் நடத்தவுமா அனுமதி?

பதில்: பாடம் நடத்த அனுமதி கேட்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, குழு பார்ப்பது மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வைத்தான், பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று. எது ஆய்வு என்பதில்தான் சிக்கலே. அமெரிக்க விதிப்படி, முறையாகத் தகவல் திரட்டி, பொதுவாகப் பொருந்தும் அறிவை உருவாக்கும் நோக்கத்தோடு செய்தால் அது ஆய்வு. உங்கள் மாணவர்கள் அட்டவணை போடக் கற்றுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அங்கே இது பெரும்பாலும் குழு வரை போகாது. கனடாவில் அப்படியில்லை. கற்றுக்கொள்ளத்தான் என்றாலும், ஆய்வு போலவே ஆட்களிடம் தகவல் வாங்கினால் பரிசீலனை உண்டு, ஆபத்து குறைவென்றால் துறை அளவிலேயே முடித்துக்கொள்ளலாம். எனவே முதலில் உங்கள் பல்கலைக்கழக விதியைப் பாருங்கள்.

குழுவுக்குப் போக வேண்டாம் என்றால் கவலையே வேண்டாம் என்று அர்த்தமில்லை. 1968இல் அமெரிக்க ஆசிரியை ஜேன் எலியட் தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்துப் பிரித்து ஒரு பக்கத்தை மட்டம் தட்டினார். பாகுபாடு என்றால் என்னவென்று புரியவைக்கத்தான் அப்படிச் செய்தார், ஆய்வே இல்லை. ஆனால் அழுதது நிஜப் பிள்ளைகள். உங்கள் கேள்வித்தாளில் தூக்க மாத்திரை, மனச்சோர்வு என்று ஏதாவது நுழைந்திருக்கிறதா பாருங்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் திடீரென உடைந்து போனால், பத்தொன்பது வயதுப் பையன் என்ன செய்வான்? அப்புறம், கூகுள் ஃபார்மில் மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் வசதி இருக்கிறது. அதை அணைக்காமல் ‘பெயர் கேட்கவில்லை’ என்று எழுதுகிறவர்கள் நிறைய.

இன்னொன்று. இரண்டு வருடம் கழித்து ‘தரவு நல்லா இருக்கே, கட்டுரை ஆக்கலாமே’ என்று ஆசை வரும். முடிந்துபோன வேலைக்குப் பொதுவாகக் குழு பின்தேதியிட்டு அனுமதி தராது, ஆய்விதழோ அனுமதி விவரம் கேட்கும். அந்த ஆசை இப்போதே லேசாக இருந்தாலும் முதலிலேயே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: ஒரு பிரிவுக்குப் புது முறையிலும் இன்னொரு பிரிவுக்குப் பழைய முறையிலும் பாடம் எடுத்து, மதிப்பெண்களை ஒப்பிட்டுக் கருத்தரங்கில் வாசிக்க நினைக்கிறேன். எல்லோரும் என் மாணவர்கள்தான், சம்மதிப்பார்கள்.

பதில்: அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பயம். வெளியே வாசிக்கும் திட்டத்தோடு ஒப்பிடுகிறீர்கள், ஆக இது ஆய்வு. தொடங்கும் முன்பே குழுவிடம் போங்கள். முழுப் பரிசீலனையா, சுருக்கமானதா, பரிசீலனையிலிருந்து விலக்கா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். ‘சம்மதிப்பார்கள்’ என்கிறீர்களே, மார்க் போடும் கையே படிவத்தையும் நீட்டினால் எந்த மாணவன் மாட்டேன் என்பான்? வேறொருவரை விட்டுப் படிவம் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் வெளியே போய்விடுங்கள், கதவருகே நிற்பதுகூட வேண்டாம். யார் கையெழுத்துப் போட்டார்கள் என்ற பட்டியல், இறுதி மதிப்பெண்ணைச் சமர்ப்பித்த பிறகே உங்கள் கைக்கு வரட்டும்.