முழங்கை வலிக்கு இலேசான றக்கெட் மருந்தாகாது

கேள்வி: எனக்கு 43 வயது, ஆசிரியர். வயலும் செய்கிறேன். பல வருடங்களாக டெனிஸ் ஆடுகிறேன், மாவட்டப் போட்டிகளுக்கும் போவதுண்டு. கனடாவிலிருந்து மச்சான் அனுப்பிய புது றக்கெட்டால் ஆடத் தொடங்கியபின் வலது முழங்கையின் வெளிப்பக்கம் இரண்டு மாதமாக வலிக்கிறது. பேக்ஹேண்ட் (புறங்கை முன்னே வர அடிக்கும் அடி) அடித்தால் சுள்ளென்று இழுக்கும். பாரம் குறைந்த றக்கெட் வாங்கச் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: முழங்கையை நீட்டி, உள்ளங்கை நிலத்தைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் கதிரையின் முதுகைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். வெளிப்பக்க எலும்பு முனையில் வலித்தால் அது பெரும்பாலும் 'டெனிஸ் எல்போ'. மணிக்கட்டை மேலே நிமிர்த்தும் தசையின் நாண் அந்த முனையில்தான் ஒட்டியிருக்கிறது. திரும்பத் திரும்ப இழுபட்டு அதன் நார்கள் சிதைந்துபோகின்றன. வலிமாத்திரை வலியை அடக்கும், நாணைச் சீராக்காது.

நண்பர்கள் சொன்னதைக் கேட்கவேண்டாம். உங்கள் தரத்தில் எதிரே வரும் பந்துக்கு வேகம் அதிகம். 270 கிராம் மாதிரி இலேசான றக்கெட் அந்த மோதலில் பின்னுக்குத் தள்ளப்படும், மிச்ச அதிர்ச்சியைக் கைதான் வாங்கவேண்டும். போதாததற்கு, பந்தை ஆழமாகப் போட நீங்களும் இன்னும் பலமாக வீசுவீர்கள்.

புது றக்கெட்டுக்குக் காசு போடுமுன் ஸ்ட்ரிங்கைப் பாருங்கள். வெட்டிய நுனி தங்கூசி மாதிரி ஒற்றை இழையாக, விறைப்பாக இருந்தால் அது பொலியெஸ்டர். கைக்கு மிகக் கடுமையானது அதுதான். அறாமல் மாதக்கணக்கில் கிடக்கும், ஆனால் 15, 20 மணித்தியால ஆட்டத்திலேயே அதன் துள்ளல் செத்துவிடும். அறவில்லையே என்று அதையே வைத்து ஆடுவதுதான் நம்மவர்களின் வழக்கம். அதை வெட்டி எறிந்துவிட்டு 1.30 மி.மீ. மல்டிபிலமென்ட் (பல மெல்லிய இழைகள் சேர்ந்த மென்மையான ஸ்ட்ரிங்) போடுங்கள், இழுவை, அதாவது ஸ்ட்ரிங்கை இழுத்துக் கட்டும் இறுக்கம், 22 முதல் 23 கிலோ, அதாவது 48 முதல் 51 இறாத்தல். ஸ்ட்ரிங் போட யாரிடமாவது கொழும்புக்குக் கொடுத்துவிடுவதானால் இந்த இழுவையை ஒரு துண்டில் எழுதி றக்கெட்டில் ஒட்டிவிடுங்கள். சொல்லாவிட்டால் இறுக்கமாகவே இழுத்துத் தந்துவிடுவார்கள். ஸ்பின்னுக்குப் பொலியெஸ்டர் வேண்டுமென்றால் குறுக்கே மட்டும் போடலாம், நெடுக்கே மென்மையானது இருக்கட்டும். சுவிஸ் வீரர் பெடரர் நெடுக்கே இயற்கைக் கட் (மாட்டுக் குடலில் செய்யும் மென்மையான ஸ்ட்ரிங்), குறுக்கே பொலியெஸ்டர் போட்டுத்தான் ஆடினார்.

அதன்பிறகும் ஆறு வாரத்தில் குறையவில்லை என்றால் சட்டத்தை, அதாவது றக்கெட்டையே, மாற்றலாம். சட்டம் எவ்வளவு வளையாதது என்று காட்டும் விறைப்பு எண் (RA) 65க்குக் கீழே, 60ஐ ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. ஸ்ட்ரிங்கோடு 310 முதல் 330 கிராம். தலை 98 முதல் 100 சதுர அங்குலம், 16க்கு 19 பின்னல் (நெடுக்கே 16, குறுக்கே 19 இழை). பாரம் கைப்பிடிப் பக்கம் சாய்ந்திருக்கவேண்டும்: றக்கெட்டை ஒரு பென்சிலின்மேல் குறுக்கே வைத்துச் சமநிலை நிற்கும் இடத்தை அடியிலிருந்து அளவுநாடாவால் அளந்தால் 32 முதல் 33 செ.மீ. வரவேண்டும். 34க்கு மேல் என்றால் தலைப்பாரம். கடைகள் போடும் கணக்கு பெரும்பாலும் ஸ்ட்ரிங் இல்லாத கணக்கு என்பதைக் கவனியுங்கள். ஸ்ட்ரிங் ஏறியதும் 15 கிராமுக்கு மேல் கூடும், சமநிலையும் ஏறத்தாழ ஒரு செ.மீ. தலைப்பக்கம் நகரும். வில்சன் கிளாஷ் 100 ஸ்ட்ரிங் இல்லாமல் 295 கிராம், விறைப்பு 55 அளவில். கைவலிக்காரர் பலர் போகும் றக்கெட் அது. பாரத்தையும் அளவோடு கூட்டுங்கள். இரண்டாம் செட்டின் முடிவில் பந்தைப் பிந்திச் சந்திக்கிறீர்கள் என்றால் அந்தப் பாரம் உங்களுக்குக் கூட. பிந்தி அடிக்கும் ஒற்றைக்கை பேக்ஹேண்ட் எந்த றக்கெட்டிலும் முழங்கையைக் கெடுக்கும்.

கைப்பிடியைப் பிடித்தபின் விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் இடையில் மற்றக் கையின் சுட்டுவிரல் நுழையவேண்டும். நுழையாவிட்டால் பிடி சிறிது, நீங்கள் தேவைக்கு மேல் நெரித்துப் பிடிப்பீர்கள். வைகாசி வெயிலில் வியர்த்து வழுக்கினாலும் அதே நெரிப்புத்தான், கைப்பிடியின் மேல் சுற்றும் நாடாவான ஓவர்கிரிப்பை அடிக்கடி மாற்றுங்கள். ஸ்ட்ரிங்கில் செருகும் ரப்பர் குமிழ் சத்தத்தைத்தான் குறைக்கும், சட்டத்தின் அதிர்ச்சியை அல்ல. பந்துகளும் கவனம். 2.54 மீற்றர் உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் விட்டால் புதுப் பந்து 1.35 மீற்றருக்குக் குறையாமல் எழும். அதைவிட மிகக் குறைந்தால் அந்தப் பந்தால் விளையாட வேண்டாம்.

றக்கெட் மாற்றினால் மட்டும் நாண் ஆறாது. முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்க, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடியுங்கள். மற்றக் கையால் மணிக்கட்டை உயர்த்தி, ஐந்து வினாடி எடுத்து மெல்ல இறக்குங்கள். 15 தடவைப்படி மூன்று சுற்று, தினமும், மூன்று மாதம். பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலி பரவாயில்லை. மறுநாளும் கூடியிருந்தால் பாரத்தைக் குறையுங்கள். முழங்கையில் ஸ்டீராய்ட் ஊசி கேட்டு வாங்காதீர்கள். சில வாரம் சுகமாக இருக்கும், ஒரு வருடத்தின் பின் பார்த்தால் ஊசி போடாதவர்களே நன்றாக இருக்கிறார்கள்.

காலபோகத்துக்கு வரம்பு கட்ட மண்வெட்டி பிடித்தால் அன்றும் மறுநாளும் கோர்ட்டுக்குப் போகாதீர்கள், இரண்டுக்கும் உழைப்பது அதே நாண்தான். சுண்டுவிரல் மரத்துப்போவது, கழுத்திலிருந்து இறங்கும் வலி, முழங்கை நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்வது, வீக்கத்தோடு காய்ச்சல் என்று ஏதும் இருந்தால் அது வேறு நோய். பயிற்சியை நிறுத்திவிட்டு மாவட்ட வைத்தியசாலையில் காட்டுங்கள்.