மாடி எடுப்பதா, மாறிப் போவதா?

வீடு பத்தவில்லை என்று வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் ராமநாதபுரம் கடலோரத்தில் வீடு கட்டியும் பழுது பார்த்தும் வரும் சிவில் இன்ஜினியர்.

கேள்வி: பாம்பனில் 1998-ல் அப்பா கட்டிய காங்கிரீட் வீடு. ஒரு ஹால், ஒரு அறை. தம்பிக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். மேலே ஒரு அறை எடுக்கலாமா, வேறு வீடு பார்க்கலாமா அண்ணே?

பதில்: முதலில் சீலிங்கைப் பாருங்க தம்பி. பூச்சு நீளவாக்கில் வெடித்து, காவிக்கறை இறங்கியிருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது. துரு ஏற ஏறக் கம்பி பருத்து காங்கிரீட்டை வெளியே தள்ளும். உப்புக்காற்று ஒருபக்கம், அன்று உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் இன்னும் மோசம். சுத்தியலால் தட்டினால் 'ணங்' என்று கேட்க வேண்டும். 'பொத்' என்றால் மேலே பூசி மறைத்துவிட்டு மாடி எடுக்கவே கூடாது.

அப்புறம், பில்லர் வீடா, சுவரே பாரம் தாங்கும் வீடா? சுவர்தான் என்றால் அஸ்திவாரத்தை ஓரிடத்தில் தோண்டிப் பார்க்காமல் நான் சரி சொல்ல மாட்டேன். எல்லாம் திடமாக இருந்தால் தாராளமாக எடுங்க. புதுப் பில்லரில் கம்பிக்கு வெளியே 45 மி.மீ. காங்கிரீட் இருக்கட்டும். மேஸ்திரி 25-லேயே 'போதும் சார்' என்பார், விடாதீங்க. கடலிலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி வரும். வேலை தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்க.

கேள்வி: பிள்ளைகள் படிப்புக்கு ராமநாதபுரம் டவுனுக்குப் போவோம் என்கிறாள் வீட்டுக்காரி. எனக்கு விசைப்படகில் தொழில். தங்கச்சிமடம் வீட்டை விற்றுவிடலாமா?

பதில்: விற்காதீங்க. முதலில் டவுனில் வாடகைக்கு இருந்து பாருங்க. அதையும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் பார்க்காதீங்க, அப்போது எந்த ஊரும் சுகமாகத்தான் இருக்கும். தொழில் ஓடும்போது கரைக்கும் டவுனுக்கும் அலைந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: கீழக்கரையில் உம்மாவின் பழைய வீடு. ஊர் வழக்கப்படி மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும், எனக்கு இரண்டு மகள்கள். வீட்டைப் பிரிப்பதா, இன்னொன்று வாங்குவதா?

பதில்: வாங்கினால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம் பத்திரத்துக்கே போகும் லாத்தா. குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட், அதாவது பணம் வாங்காமல் சொத்தைக் கொடுக்கும் பத்திரம், எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. ஆனால் தனி வாசல், தனி அடுப்படி, தனி கரண்ட் மீட்டர் மூன்றுக்கும் வழியிருந்தால் மட்டும் பிரியுங்க. நடுவில் ஒரு சுவர் மட்டும் எழுப்பினால் அக்கா தங்கை சண்டையைக் கொத்தனாரா தீர்ப்பார்? சுண்ணாம்புச் சுவர் என்றால் சிமெண்ட் பூசாதீங்க, ஓதம் உள்ளேயே நின்றுவிடும்.

கேள்வி: உச்சிப்புளி பக்கம் மனை மலிவாக வருகிறது. வாங்கிப் போய்விடலாமா?

பதில்: மே மாதம் போய், பக்கத்து வீட்டு போர் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்க. மழை முடிந்த கையோடு பார்த்தால் எல்லாக் கிணறும் நல்ல தண்ணீர்தான். குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று புரோக்கரிடம் கேட்காதீங்க, அந்தத் தெருப் பெண்களிடம் கேளுங்க. 30 வருஷ வில்லங்கச் சான்று கையில் வராமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.