ஐசல்மீரில் வாடகைப் பாய்மரப் படகு: கேள்வி பதில்

நெதர்லாந்தின் ஐசல்மீர் ஏரியில் படகை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிச் சுற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எனக்குச் சொந்தப் படகு கிடையாது. வாடகைக்குப் படகு எடுப்பவனாகவே பேசுகிறேன்.

கேள்வி (செல்வி, டோர்ட்முண்ட்): அண்ணா, லைசென்ஸ் இல்லாமல் படகு தருவார்களா?

சட்டப்படி, 15 மீட்டருக்குக் குறைவான நீளமும் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டாத வேகமும் உள்ள படகுக்கு லைசென்ஸ் தேவையில்லை. வாடகைக்குக் கிடைக்கும் பாய்மரப் படகுகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும். ஆனால் படகு கொடுப்பவர் சும்மா சாவியைத் தர மாட்டார். எங்கே பழகினீர்கள், எவ்வளவு பெரிய படகை ஓட்டியிருக்கிறீர்கள் என்று கேட்பார். உள்ளதை அப்படியே சொல்லுங்கள். அனுபவம் போதாது என்றால் முதல் ஒன்றிரண்டு நாள் ஸ்கிப்பர் (படகை ஓட்டத் தெரிந்த தலைவர்) ஒருவரைச் சேர்த்து எடுக்கலாம். அந்தக் காசு வீண் இல்லை. ரேடியோவில் பேசத் தனிச் சான்றிதழ் வேண்டும், அது சட்டம்.

கேள்வி (முகிலன், சென்னை): ஏரிதானே, கடல் மாதிரி அலையா அடிக்கப் போகிறது?

இந்த நினைப்போடு வருபவர்கள்தான் முதல் நாளே முகம் வெளுத்துத் திரும்புகிறார்கள். இது 1932 வரை சாயுடர்சே என்ற கடல். 32 கிலோமீட்டர் நீள அஃப்ஸ்லாய்ட்டைக் என்ற அணையைக் கட்டி வடகடலிலிருந்து பிரித்தார்கள், நீர் மெல்ல நன்னீரானது. இன்றைக்கு ஐசல்மீரின் பரப்பு ஏறக்குறைய 1,100 சதுர கிலோமீட்டர். ஆழமோ பெரும்பாலான இடங்களில் நாலைந்து மீட்டர்தான்.

சிக்கலே இந்த ஆழக்குறைவில்தான் இருக்கிறது. ஆழ்கடலில் அலை நீண்டு வரும், படகு ஏறி இறங்கிவிடும். இங்கே அடித்தரை அருகிலேயே இருப்பதால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும். ஒன்றிலிருந்து படகு நிமிர்வதற்குள் அடுத்தது முகத்தில் அறையும். காற்றின் விசை போஃபர்ட் அளவில் (காற்றின் வேகத்தை 0 முதல் 12 வரை எண்ணால் சொல்லும் முறை) 5 ஆகிவிட்டால், எதிர்க்காற்றில் போவது குடும்பத்தோடு வந்தவர்களுக்கு உல்லாசமாக இருக்காது. 6 என்றால் துறைமுகத்திலேயே இருங்கள். அந்தக் காற்றில் கிளம்பக் கூடாது என்று பல வாடகை ஒப்பந்தங்களே சொல்கின்றன. பாயைக் குறைத்துக் கட்டுவதையும் துறைமுகத்துக்குள்ளேயே முடித்துவிட வேண்டும், வெளியே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. ஏரி நிலவரமும் வானிலையும் ரேடியோவில் சேனல் 1-ல் வரும்.

கேள்வி (ரமணி, ஆம்ஸ்டல்வேன்): ஒரு வாரம் இருக்கிறது. எந்த வழி நல்லது?

வழியை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வராதீர்கள். என்க்ஹாய்சனில் படகு எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாவரனும் உர்க்கும் அங்கிருந்து சுமார் 11 கடல் மைல்தான், நல்ல காற்றில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அன்று காற்று மேற்கிலிருந்தா, தெற்கிலிருந்தா என்று பார்த்து, எது வசதியோ அங்கே போங்கள். மெடம்ப்ளிக், மாக்கம், லெம்மர் என்று கரை முழுக்க ஊர்கள் இருக்கின்றன. இரண்டு நாள் விடாமல் காற்று அடித்தால் ஸ்டாவரனில் லாக் (இரு முனையிலும் கதவு வைத்து, படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் அறை) வழியாக உள்ளே நுழைந்து ஃப்ரீஸ்லாந்தின் சின்ன ஏரிகளில் சுற்றலாம். அங்கே சில பாலங்களில் காவலர் தூண்டில் கயிற்றில் ஒரு மரச்செருப்பைத் தொங்கவிடுவார், சுங்கக் காசை அதில் போட வேண்டும். பிள்ளைகளுக்கு அதுவே பெரிய வேடிக்கை.

ஸ்டாவரனுக்குத் தெற்கே ஃப்ராவசாண்ட் என்ற மணல்திட்டு இருக்கிறது. வழியைக் காட்டும் மிதவைகளை விட்டுக் குறுக்கே போகாதீர்கள். கர்வம் பிடித்த பணக்கார வணிகப் பெண்ணொருத்தி தானியத்தைக் கடலில் கொட்டியதால் உண்டான திட்டு என்று ஊர்க்கதை. நெதர்லாந்துக் கடற்படையின் 1810 என்ற எண்ணுள்ள வரைபடத்தை மேசையில் விரித்து வைத்திருங்கள். போனை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி (செல்வி, மறுபடியும்): லாக் என்றாலே பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம். ஐசல்மீருக்கும் தெற்கே உள்ள மார்க்கர்மீருக்கும் நடுவில் என்க்ஹாய்சனிலிருந்து லேலிஸ்டாட் வரை ஓர் அணை போகிறது, அதைக் கடக்கத்தான் லாக். இரண்டு பக்கமும் நீர்மட்டம் பெரிதாக வேறுபடாது, படகு ஏறி இறங்குவதே தெரியாது. தொந்தரவு செய்வது காற்றும் பக்கத்துப் படகும்தான். பாயை முன்னாலேயே இறக்குங்கள், இரண்டு பக்கமும் ஃபெண்டர் (இடிபடாமல் காக்கும் காற்றுப் பை) தொங்கவிடுங்கள். சிவப்பு என்றால் காத்திருக்க வேண்டும். சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் சீக்கிரம் திறக்கப் போகிறது. பச்சை வந்தால் உள்ளே போகலாம். கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள், தூணைச் சுற்றி எடுத்துக் கையில் பிடித்திருங்கள். மட்டம் மாறும்போது முடிச்சு இறுகினால் கஷ்டம்.

என்க்ஹாய்சனில் 2003-ல் திறந்த நாவிடக்ட் என்ற லாக்கில் படகு மேலே போகும், கார்கள் கீழே சுரங்கத்தில் ஓடும். பாய்மரம் பாலத்தில் இடிக்குமோ என்ற கவலையே அங்கே இல்லை.

கேள்வி (ஜெயா): துறைமுகத்தில் காலி இடம் எப்படித் தெரியும்?

படகு நிறுத்தும் இடத்தில் உள்ள பலகை பச்சை என்றால் காலி, சிவப்பு என்றால் உரியவர் திரும்பி வருவார். நம் ஆட்களுக்குப் புதிதாக இருப்பது தூண்களுக்கு நடுவே நுழையும் முறை. உள்ளே போகும்போது, காற்று வரும் பக்கத்துப் பின்தூணில் முதலில் கயிற்றைப் போட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு நிதானமாகச் செய்யலாம்.

கேள்வி (அருள்): மார்க்கர்மீரில் தண்ணீர்ச் செடி என்ஜினைக் கெடுக்குமாமே?

கோடையில் அடர்ந்து வளரும், முன்பு தீவாக இருந்த மார்க்கன் பக்கம் ரொம்பவே. சுழலியில் சிக்கினால் வேகத்தைக் கூட்டாதீர்கள், ரிவர்ஸ் போட்டால் பெரும்பாலும் அவிழும்.

கேள்வி (தமிழ்மாறன்): ஹோர்ன் போகலாமா? பழவேற்காட்டு டச்சுக்காரர்களுக்கும் அந்த ஊருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஹோர்ன் ஒன்று, என்க்ஹாய்சன் ஒன்று. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் வணிகம் செய்தது அதே கம்பெனிதான். ஹோர்னில் துறைமுக வாயிலில் நிற்கும் 1532-ஆம் ஆண்டுக் கோபுரத்தைத் தாண்டித்தான் உள்ளே நுழைவீர்கள். மாலை வெயிலில் அழகு. தென் அமெரிக்காவின் முனைக்குக் கேப் ஹோர்ன் என்று 1616-ல் பெயர் வைத்ததும் இந்த ஊரை நினைத்துத்தான்.

கேள்வி (ரமணி): கழிப்பறை?

தொட்டியில் சேர்த்து வைத்துத் துறைமுகத்தில் உறிஞ்சிவிட வேண்டும். ஏரியில் விடுவது 2009 முதல் தடை. வாடகைப் படகைப் பெற்றுக்கொள்ளும்போது தொட்டி காலியா என்று பாருங்கள்.

கேள்வி (முகிலன்): உர்க்கில் மீன் நன்றாக இருக்குமாமே, ஞாயிற்றுக்கிழமை போகலாமா?

புகையூட்டிய விலாங்கு அருமை. ஆனால் உர்க் தேவாலயத்துக்குக் கட்டுப்பட்ட ஊர், ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேர்ந்து வாங்கிவிடுங்கள்.